ஜாமீன் போட்ட மச்சானும் பதிவாகாத வாடகைப் பத்திரமும்

மதுரையில் ஒரு கடை என்று வைத்துக்கொள்வோம். மாத வாடகை 18,000 ரூபாய், முன்பணம் 54,000 ரூபாய், காலம் 3 ஆண்டு. 20 ரூபாய் முத்திரைத்தாளில் தட்டச்சு செய்து உரிமையாளரும் கடைக்காரரும் கையெழுத்திட்டார்கள். "எனக்கு உங்களைத் தெரியாது, தெரிந்தவர் யாராவது ஜாமீன் போடட்டும்" என்று உரிமையாளர் சொல்ல, கடைக்காரரின் மச்சான் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். சார்பதிவாளர் அலுவலகப் பக்கம் யாரும் போகவில்லை.

பதினான்கு மாதம் வாடகை ஒழுங்காக வந்தது. அடுத்த ஐந்து மாதம் வரவில்லை. பத்தொன்பதாம் மாத முடிவில் கடைக்காரர் சாவியைக் கொடுத்துவிட்டு ஊரை விட்டே போய்விட்டார். இப்போது மச்சான் வீட்டுக்கு வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. ஐந்து மாத பாக்கி 90,000; மூன்று ஆண்டுக் கணக்கில் மிச்சமிருந்த 17 மாதத்துக்கு 3,06,000; ஆக மொத்தம் 3,96,000 ரூபாய்.

இந்த நோட்டீஸை எடுத்துக்கொண்டு அவர் நான்கு பேரிடம் போனால் இரண்டு விதமான பதில் கிடைக்கும். "பத்திரம் பதிவாகவில்லையே, அது வெறும் தாள், ஒரு பைசா கொடுக்காதே" என்பது ஒன்று. "கையெழுத்துப் போட்டாயிற்று, கட்டித்தான் ஆக வேண்டும்" என்பது இன்னொன்று. இரண்டுமே தவறு. சரியான விடை இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. அது எங்கே என்று கண்டுபிடிக்க, அந்த ஒரே தாளில் இரண்டு தனித்தனி ஒப்பந்தங்கள் இருக்கின்றன என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

ஒன்று, உரிமையாளருக்கும் கடைக்காரருக்கும் இடையிலான குத்தகை. (நம் ஊரில் 'லீஸ்' என்றால் மாத வாடகை இல்லாமல் மொத்தமாக ஒரு தொகை கொடுத்துக் குடியேறுவதைச் சொல்கிறோம். சட்டத்தின் பார்வையில் மாத வாடகைக்கு விடுவதும் குத்தகைதான். இங்கே அந்தப் பொருளிலேயே சொல்கிறேன்.) இரண்டாவது, உரிமையாளருக்கும் மச்சானுக்கும் இடையிலான ஜாமீன். முதலாவது ஒரு கட்டடத்தின் அனுபவ உரிமையைக் கைமாற்றுகிறது. இரண்டாவது கட்டடத்தைத் தொடவே இல்லை. "அவர் கொடுக்காவிட்டால் நான் கொடுக்கிறேன்" என்ற பண வாக்குறுதி மட்டுமே. பதிவுச் சட்டம் முதலாவதைத்தான் குறிவைக்கிறது.

பதிவு செய்யாததால் எது போகிறது

1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம், 17ஆம் பிரிவில், ஓராண்டுக்கு மேற்பட்ட காலத்துக்கான குத்தகையும் ஆண்டு வாடகை பேசப்பட்ட குத்தகையும் கட்டாயம் பதிவு செய்யப்பட வேண்டும் என்கிறது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டத்தின் 107ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. ஊரெங்கும் வாடகை ஒப்பந்தம் 11 மாதத்துக்கு எழுதப்படுவதன் ரகசியம் இதுதான். ஆனால் தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், காலம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்கிறது. 11 மாதக் கணக்கு சார்பதிவாளரிடமிருந்து தப்பிக்க உதவும். இந்தச் சட்டத்திடமிருந்து தப்பிக்க உதவாது. இன்றும் பலர் பழைய நினைப்பிலேயே எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

பதிவு செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பதிவுச் சட்டத்தின் 49ஆம் பிரிவு சொல்கிறது. அந்த ஆவணம் சொத்தின் மீது எந்த உரிமையையும் உண்டாக்காது. சொத்தைப் பற்றிய அந்தப் பரிவர்த்தனைக்குச் சான்றாகவும் நீதிமன்றம் அதை ஏற்காது. ஆனால் அதே பிரிவில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. பதிவு தேவைப்படாத வேறொரு துணைப் பரிவர்த்தனையை நிரூபிக்க அந்தத் தாளைக் காட்டலாம்.

ஆக, மூன்று ஆண்டுக் குத்தகை என்பது சட்டத்தின் கண்ணில் பிறக்கவே இல்லை. அப்படியென்றால் கடைக்காரர் 19 மாதம் அங்கே என்னவாக இருந்தார்? அத்துமீறி நுழைந்தவராகவா? இல்லை. உரிமையாளர் சாவி கொடுத்தார், மாதாமாதம் வாடகை வாங்கினார். இந்த நடத்தையிலிருந்தே ஒரு வாடகை உறவு பிறந்துவிடுகிறது. 2000ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம், பதிவு செய்யப்படாத ஐந்தாண்டுக் குத்தகைப் பத்திரம் ஒன்றைப் பற்றிய அந்தோணி எதிர் இட்டூப் அண்டு சன்ஸ் வழக்கில் இதைத் தெளிவாகச் சொன்னது. பத்திரம் குத்தகையை உண்டாக்கவில்லை. ஆனால் அனுபவத்தில் விட்டதும் வாடகை வாங்கியதும் மாதாந்தர வாடகை உறவை உண்டாக்கிவிட்டன என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். சொத்து மாற்றச் சட்டத்தின் 106ஆம் பிரிவின்படி, அந்த உறவை எந்தத் தரப்பும் 15 நாள் அறிவிப்புக் கொடுத்து முடித்துக்கொள்ளலாம்.

எழுதியது மூன்று ஆண்டுக் குத்தகை. கிடைத்ததோ மாதம் மாதம் ஓடும் வாடகை. மச்சானின் விதி இந்த இடைவெளியில்தான் தீர்மானமாகிறது.

ஜாமீன்தாரரின் கடன் எவ்வளவு

ஜாமீன் பற்றிய சட்டம் 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 126 முதல் 147 வரையிலான பிரிவுகளில் இருக்கிறது. 126ஆம் பிரிவு ஜாமீன் வாய்மொழியாகவும் இருக்கலாம், எழுத்திலும் இருக்கலாம் என்கிறது. இங்கிலாந்தில் 1677ஆம் ஆண்டிலேயே, கையெழுத்திட்ட எழுத்து இல்லாமல் ஜாமீனை வைத்து வழக்குப் போட முடியாது என்று சட்டம் செய்துவிட்டார்கள். அவர்களே நமக்கு எழுதிக் கொடுத்த ஒப்பந்தச் சட்டத்தில் அந்த விதியைச் சேர்க்கவில்லை. அது நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம். நமக்கு இங்கே முக்கியமானது ஒன்றுதான்: வாயால் சொன்னாலே போதும் என்ற ஒரு வாக்குறுதிக்குப் பதிவு தேவை என்று வாதிடுவது கடினம். ஆகவே, ஜாமீன் பகுதி குத்தகையிலிருந்து பிரித்தெடுக்கக்கூடிய துணைப் பரிவர்த்தனை, 49ஆம் பிரிவின் விதிவிலக்குக்குள் வருகிறது என்று உரிமையாளரின் வக்கீல் வாதிடுவார். அந்த வாதம் வலுவானது. "பத்திரம் பதிவாகவில்லை, எனவே நான் ஜாமீனே இல்லை" என்ற பதிலை நம்பி மச்சான் நிம்மதியாகத் தூங்க முடியாது.

"வாடகைக்கு இருந்தது அவர், எனக்கு ஒரு பைசா லாபமில்லையே" என்ற பதிலும் எடுபடாது. கடனாளியின் நன்மைக்காக ஏதாவது செய்யப்பட்டிருந்தால் அதுவே ஜாமீனுக்குப் போதுமான பிரதிபலன் (வாக்குறுதிக்கு ஈடாகக் கிடைக்கும் பலன்) என்று 127ஆம் பிரிவு சொல்லிவிட்டது. மச்சானின் கையெழுத்தை நம்பிக் கடையைக் கொடுத்தது போதும்.

அடுத்தது 128ஆம் பிரிவு. ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்படாவிட்டால், ஜாமீன்தாரரின் பொறுப்பு முதன்மைக் கடனாளியின் பொறுப்புக்குச் சமமானது. இந்த ஒரு வரி இரண்டு பக்கமும் வெட்டுகிறது.

ஒரு பக்கம், உரிமையாளர் முதலில் கடைக்காரரைத் துரத்திவிட்டுத்தான் மச்சானிடம் வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பலரும் தவறாக நினைத்திருக்கும் இடம் இது. "அவரிடம் கேட்டுப் பாருங்கள், கிடைக்காவிட்டால் வாருங்கள்" என்று சொல்லும் உரிமை ஜாமீன்தாரருக்குத் தானாகக் கிடைப்பதில்லை. 1968ஆம் ஆண்டில் பீகார் வங்கி தொடர்ந்த வழக்கில், கடன் கொடுத்தவர் கடனாளியிடம் எல்லா வழிகளையும் முயன்று பார்த்த பிறகே ஜாமீன்தாரரிடம் வர வேண்டும் என்ற நிபந்தனையை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அப்படித் தள்ளிப்போட்டால் ஜாமீன் வாங்கியதன் நோக்கமே கெட்டுவிடும் என்பதுதான் காரணம். கடைக்காரர் ஊரில் இல்லை, மச்சான் இருக்கிறார். நோட்டீஸ் மச்சானுக்கு வந்ததில் சட்டப்படி பிழையில்லை.

மறுபக்கம், கடனாளி எவ்வளவு கடன்பட்டிருக்கிறாரோ அதற்கு மேல் ஜாமீன்தாரர் கடன்பட முடியாது. ஆகவே ஒவ்வொரு தொகைக்கும் ஒரே கேள்விதான்: இதைக் கடைக்காரரிடமே கேட்க முடியுமா?

மிச்சமிருக்கும் 17 மாத வாடகையைக் கடைக்காரரிடம் கேட்க முடியுமா? "மூன்று ஆண்டு முழுவதும் இருப்பேன், முன்னதாகப் போனால் மீதிக் கால வாடகையையும் தருவேன்" என்பது குத்தகையின் காலத்தைப் பற்றிய விதி. பதிவாகாத பத்திரத்திலிருந்து இப்படிப்பட்ட முக்கிய விதியை உருவி எடுத்து, 'துணை நோக்கம்' என்று பெயர் சூட்டி நிரூபிக்க முடியாது என்று 2008ஆம் ஆண்டில் கே.பி. சாஹா அண்டு சன்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கடைக்காரர் எந்த உரிமையில் அங்கே இருந்தார் என்று காட்ட அந்தத் தாள் உதவும். எத்தனை ஆண்டு இருக்கக் கடமைப்பட்டார் என்று காட்ட உதவாது. மாதாந்தர வாடகைதாரர், மாதாந்தர வாடகைதாரராகவே காலி செய்துவிட்டார். கேட்டால், 15 நாள் அறிவிப்பு இல்லாமல் போனதற்கு அரை மாத வாடகை, 9,000 ரூபாய், கேட்கலாம். 3,06,000 ரூபாய்க்கு அடித்தளமே இல்லை. கடைக்காரருக்கு இல்லாத கடன் மச்சானுக்கும் இல்லை.

குடியிருந்த ஐந்து மாத பாக்கி வேறு கதை. கடையை அனுபவித்தார், பணம் கொடுக்கவில்லை. பத்திரத்தை முழுவதுமாகக் கிழித்துப் போட்டாலும், முதல் பதினான்கு மாதம் வங்கிக் கணக்கில் மாதாமாதம் விழுந்த 18,000 ரூபாயே வாடகை எவ்வளவு என்று சொல்லிவிடும். இந்த 90,000 ரூபாயைக் கடைக்காரர் கொடுக்க வேண்டியவரே.

அப்படியானால் மச்சானும் 90,000 கொடுக்க வேண்டுமா? இங்கே மச்சானுக்கு இன்னொரு நல்ல வாதம் கிடைக்கிறது. "நான் ஜாமீன் போட்டது மூன்று ஆண்டுக் குத்தகைக்கு. அந்தக் குத்தகை சட்டத்தில் பிறக்கவே இல்லை என்று நீங்களே சொல்கிறீர்கள். அதற்குப் பதிலாகப் பிறந்த மாதாந்தர வாடகைக்கு நான் எப்போது ஜாமீன் போட்டேன்?" இது குதர்க்கம் இல்லை. ஜாமீன் வாசகத்தை அதன் சொற்களுக்கு வெளியே நீட்டிப் பொருள் கொள்ளக் கூடாது என்பது நீதிமன்றங்கள் நெடுங்காலமாகப் பின்பற்றும் அணுகுமுறை. ஆகவே கடைசிப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்க வேண்டும். "இந்த மூன்று ஆண்டுக் குத்தகையின்படி செலுத்த வேண்டிய வாடகைக்கு" என்று இருந்தால் மச்சானின் வாதத்துக்கு உயிர் இருக்கிறது. "மேற்படியார் மேற்படி கடையில் இருக்கும் காலம் முழுவதும் செலுத்தத் தவறும் வாடகைக்கு" என்று இருந்தால் அந்த வாதம் ஏறக்குறைய செத்துவிட்டது. மாதாந்தர வாடகையும் 'இருக்கும் காலம்'தான். என் கணிப்பில், பெரும்பாலான பத்திரங்கள் இந்த இரண்டாவது வகையில் பொத்தாம்பொதுவாக எழுதப்பட்டவை. அதனால் குடியிருந்த கால பாக்கிக்கு ஜாமீன்தாரர் தப்புவதை நான் எளிதாக நம்பமாட்டேன்.

வாசகத்தைப் படிக்கும்போதே தலைப்பையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 'சாட்சிகள்' என்ற சொல்லின் கீழே கையெழுத்திட்டவர் ஜாமீன்தாரர் ஆகமாட்டார். அவர் மற்றவர்கள் கையெழுத்திட்டதைப் பார்த்தவர், அவ்வளவுதான். மச்சானின் கையெழுத்து எந்தத் தலைப்பின் கீழ் இருக்கிறது என்பதிலேயே பாதி வழக்கு முடிந்துபோகும் வாய்ப்பு உண்டு.

முன்பணம் எங்கே போனது

உரிமையாளர் கையில் 54,000 ரூபாய் முன்பணம் இருந்ததே, நோட்டீஸில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே? ஜாமீன்தாரர்கள் மறந்துவிடும் மிகப் பெரிய ஆயுதம் இது. 141ஆம் பிரிவின்படி, ஜாமீன் ஒப்பந்தம் உண்டான நேரத்தில் கடன் கொடுத்தவரிடம் இருந்த ஈடுகளின் பயன் ஜாமீன்தாரருக்கும் உண்டு. அப்படி ஓர் ஈடு இருந்தது ஜாமீன்தாரருக்குத் தெரியாவிட்டாலும் சரி. முன்பணம் வாடகைக்கு ஈடாக வாங்கியதுதானே. 90,000 ரூபாயில் 54,000 கழித்தால் மிஞ்சுவது 36,000.

"முன்பணத்தை அவர் போகும்போதே திருப்பிக் கொடுத்துவிட்டேன், பாவம் கஷ்டத்தில் இருந்தார்" என்று உரிமையாளர் சொன்னால்? அதே பிரிவு அதற்கும் பதில் வைத்திருக்கிறது. ஜாமீன்தாரரின் சம்மதம் இல்லாமல் ஈட்டைக் கைவிட்டால், அந்த ஈட்டின் மதிப்பளவுக்கு ஜாமீன்தாரர் விடுபடுகிறார். உரிமையாளரின் இரக்கத்துக்கான செலவு மச்சானுடையது அல்ல.

வாடகையை ஏற்றினால், காலத்தை நீட்டினால்

நம் கதையில் வாடகை 18,000இலேயே நின்றது. ஓராண்டு முடிந்ததும் இருவரும் பேசி 22,000 ஆக்கியிருந்தால், மச்சானுக்கு ஒரு போன்கூட வராமல் இருந்திருந்தால், 133ஆம் பிரிவு உள்ளே வரும். ஜாமீன்தாரரின் சம்மதமின்றி ஒப்பந்தத்தின் விதிகள் மாற்றப்பட்டால், மாற்றத்துக்குப் பிந்தைய பரிவர்த்தனைகளிலிருந்து அவர் விடுபடுகிறார். கூடுதலான 4,000 ரூபாயிலிருந்து மட்டும் அல்ல. ஏற்றிய பிறகு வந்த மாதங்களின் வாடகை முழுவதிலிருந்தும் விடுபடுவதாக அவர் வாதிடலாம். பத்திரத்திலேயே "ஆண்டுதோறும் 10 சதவீதம் உயர்த்தப்படும்" என்று எழுதி அதன் கீழே அவர் ஜாமீன் போட்டிருந்தால் இந்த வாதம் அவ்வளவு எளிதாக எடுபடாது. அப்போது சண்டை, அந்த விதியைப் பதிவாகாத தாளிலிருந்து நிரூபிக்க முடியுமா என்ற இன்னொரு இடத்துக்கு நகர்ந்துவிடும்.

"ஐந்து மாதம் சும்மா இருந்துவிட்டு இப்போது வருகிறாரே, முதல் மாதமே சொல்லியிருந்தால் நான் பார்த்திருப்பேனே" என்பது நியாயமான ஆதங்கம். சட்டத்தில் அதற்கு மதிப்புக் குறைவு. உரிமையாளர் வெறுமனே வழக்குப் போடாமல் பொறுத்திருப்பது ஜாமீன்தாரரை விடுவிக்காது என்று 137ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் கடைக்காரருக்கு இத்தனை மாதம் தவணை தருகிறேன் என்று உரிமையாளர் மச்சானைக் கேட்காமல் ஒப்பந்தமே செய்துகொண்டால், 135ஆம் பிரிவின்படி மச்சான் விடுபடுகிறார். பொறுத்திருப்பது வேறு, அவகாசம் தருவதாக ஒப்புக்கொள்வது வேறு. எல்லையில்லாமல் பொறுத்திருக்கவும் முடியாது. வாடகை பாக்கிக்கு வழக்குப் போடும் காலவரம்பு ஒவ்வொரு மாத வாடகையும் செலுத்த வேண்டிய நாளிலிருந்து 3 ஆண்டு.

ஜாமீனிலிருந்து நடுவழியில் இறங்க முடியுமா? வாடகைக்கான ஜாமீன், தொடர்ந்து நடக்கும் பல பரிவர்த்தனைகளுக்குப் போடும் 'தொடர் ஜாமீன்' வகையைச் சேர்ந்தது என்றால், 130ஆம் பிரிவின்படி உரிமையாளருக்கு அறிவிப்புக் கொடுத்து வருங்காலப் பரிவர்த்தனைகளுக்கு அதை ரத்து செய்யலாம். பழைய பாக்கி அப்படியே நிற்கும். பதிவான மூன்று ஆண்டுக் குத்தகையாக இருந்தால், "உங்களை நம்பி மூன்று ஆண்டுக்கும் ஒரேயடியாகக் கொடுத்துவிட்டேன், இது மாதந்தோறும் நடக்கும் பரிவர்த்தனை அல்ல" என்று உரிமையாளர் எதிர்வாதம் செய்வார். பதிவாகாததால் மாதாந்தர வாடகையாகிப் போன நம் கதையில் அந்த எதிர்வாதம் தானாகவே பலவீனமாகிறது: 15 நாள் அறிவிப்பில் அவராலும் அந்த உறவை முடித்துக்கொள்ள முடியும்தானே? முதல் மாதம் வாடகை நின்றது என்று காதில் விழுந்த அன்றே மச்சான் ஒரு பதிவுத் தபால் அனுப்பியிருந்தால், தொகை 90,000 வரை வளர்ந்திருக்காது என்று வாதிட இடம் கிடைத்திருக்கும்.

20 ரூபாய் முத்திரைத்தாள்

பதிவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் அதற்கு முன்னால் நிற்கும் வாசலை மறந்துவிடுவோம். போதிய முத்திரைத் தீர்வை செலுத்தப்படாத ஆவணத்தை, 1899ஆம் ஆண்டின் முத்திரைச் சட்டத்தின் 35ஆம் பிரிவு எந்த நோக்கத்துக்கும் சான்றாக ஏற்க விடாது. 'துணை நோக்கம்' என்ற சன்னல்கூட இங்கே கிடையாது. மூன்று ஆண்டுக் குத்தகையை 20 ரூபாய்த் தாளில் எழுதினால் தீர்வை போதவே போதாது. ஆனால் இந்தக் குறையைச் சரிசெய்ய வழி உண்டு. குறைந்த தீர்வையையும் அதன் மேல் தண்டத்தையும் கட்டினால், அது பத்து மடங்கு வரை போகலாம், ஆவணம் உள்ளே வந்துவிடும். பதிவுக் குறை அப்படியல்ல. எழுதிய நான்கு மாதத்துக்குள் பதிவுக்குக் கொடுக்க வேண்டும். தவிர்க்க முடியாத காரணம் இருந்தால் அபராதத்தோடு மேலும் நான்கு மாதம். அதன் பிறகு அந்தத் தாளைப் பதிய முடியாது. மச்சானின் பதில் நோட்டீஸில் முதல் ஆட்சேபமாக முத்திரைத் தீர்வையை எழுதுவது வழக்கம், பயனுள்ளதும்கூட. அதனால் கடன் அழிந்துவிடாது. உரிமையாளருக்குச் செலவு கூடும், பேரம் பேச இடம் பிறக்கும்.

மச்சான் முன்பணக் கணக்கைக் காட்டி, 17 மாதக் கோரிக்கையை மறுத்து, கடைசியில் 36,000 ரூபாய்க்கு உடன்பட்டார் என்று வைத்துக்கொள்வோம். பணத்தைக் கையில் கொடுக்காமல் வங்கி வழியாக அனுப்பி, "இன்னாருடைய வாடகை பாக்கிக்கு ஜாமீன்தாரர் என்ற முறையில் முழுமையாகப் பெற்றுக்கொண்டேன்" என்று உரிமையாளரிடம் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். ஒப்பந்தச் சட்டத்தின் 145ஆம் பிரிவின்படி, ஜாமீன்தாரர் முறையாகச் செலுத்தியதைக் கடனாளி ஈடுசெய்தாக வேண்டும். 140ஆம் பிரிவின்படி, உரிமையாளருக்குக் கடைக்காரர் மீது இருந்த உரிமைகள் இப்போது மச்சான் கைக்கு வருகின்றன. அக்காள் வீட்டுக்காரர் மீது வழக்குப் போடுவதா வேண்டாமா என்று யோசிக்க அவருக்குப் பணம் கட்டிய நாளிலிருந்து 3 ஆண்டு அவகாசம் இருக்கிறது.